அவர் யாரிடம் பேசினார்? திருச்சபையின் இறையியலாளர்கள், பிரசங்கியார்கள் பற்றி எங்கள் வகுப்பில் வந்த கேள்விகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் தமிழ்ச் சபையில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை திருச்சபை வரலாற்று வகுப்பு எடுக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வருகிறார்கள், கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள், பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டிகள் வருகிறார்கள். பக்கத்துத் தெருக் கத்தோலிக்க நண்பர்கள் இரண்டு பேரும் தவறாமல் வருவார்கள். ஒவ்வோர் ஆண்டும் கேள்விகள் பெரும்பாலும் அவையேதான். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இறையியலாளர் வேறு, பிரசங்கியார் வேறா?

இன்றைக்கு அப்படித்தான் தோன்றும். ஒருவர் வேதாகமக் கல்லூரியில் பாடம் நடத்துகிறார், இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமை பிரசங்க பீடத்தில் நிற்கிறார். ஆனால் வரலாற்றின் பெரும்பகுதியில் இரண்டு பேரும் ஒரே ஆள். அகுஸ்தீன் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரத்து ஆயர். நூற்றுக்கணக்கான பிரசங்கங்கள் அவருடையவை இன்றும் நம் கையில் இருக்கின்றன. பெரிய நூல்களை அவர் அந்த வேலைக்கு நடுவில்தான் எழுதினார். லூத்தர் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் பேராசிரியர்; அதே ஊர்க் கோவிலில் பிரசங்கியார்.

அதனால் வகுப்பில் யாரைப் பற்றிப் பேசினாலும் முதலில் ஒரு கேள்வியைப் பலகையில் எழுதிவிடுவேன்: அவர் யாரிடம் பேசினார்? எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் யார், அந்த வாரம் அவர்களுக்கு என்ன பயம் என்று தெரியாமல் படித்தால் மிஞ்சுவது வெறும் மேற்கோள்தான்.

எங்கிருந்து தொடங்கலாம்?

நான் ஜான் கிறிசோஸ்தமிடம் தொடங்குவேன். 'கிறிசோஸ்தம்' என்றால் கிரேக்கத்தில் பொன்வாய். அவர் இறந்து வெகுகாலம் கழித்து நிலைத்த பட்டம் அது.

387-ஆம் ஆண்டு. அந்தியோகியா நகரம். புதிய வரி ஒன்று விதிக்கப்பட்டதும் ஜனங்கள் கொதித்தெழுந்து பேரரசர் தியோதோசியுவின் சிலைகளையும் அவர் குடும்பத்தாரின் சிலைகளையும் இழுத்துத் தள்ளிவிட்டார்கள். அந்தக் காலத்தில் அரசன் சிலையைத் தொட்டது அரசனைத் தொட்டதற்குச் சமம். கோபம் தணிந்ததும் நகரமே நடுங்கியது. படை வருமோ, ஊரைக் கொளுத்துவார்களோ என்று பலர் ஊரைவிட்டே ஓடினார்கள். வயதான ஆயர் பிளேவியன் மன்னிப்புக் கேட்கத் தலைநகருக்குப் புறப்பட்டார். அவர் திரும்பும்வரை மக்களைத் தாங்கும் பொறுப்பு முந்தைய ஆண்டுதான் குருவாக அபிஷேகம் பெற்ற கிறிசோஸ்தமின் தோளில் விழுந்தது. அந்தத் தபசு காலத்தில் அவர் ஆற்றிய பிரசங்கங்களுக்குச் 'சிலைகளைப் பற்றிய பிரசங்கங்கள்' என்றே பெயர். உயிர்த்தெழுதல் பண்டிகையை ஒட்டி அரசரின் மன்னிப்பு வந்தது.

அந்த வரிசையைப் படிக்கும்போது எனக்கு எப்போதும் நெஞ்சைத் தொடுவது ஒன்று உண்டு. அவர் ஆறுதலும் சொல்கிறார், அதே மூச்சில் வாயடக்கமின்மையையும் சபதம் செய்யும் பழக்கத்தையும் கண்டிக்கிறார். பயத்தில் இருக்கிறவர்களைக் கண்டிக்கக் கூடாது என்று நாம் நினைப்போம். அவர் அவர்களைப் பெரியவர்களாக நடத்தினார்.

மத்தேயு நற்செய்தி பற்றிய பிரசங்கம் ஒன்றில், கோவிலுக்குள் கிறிஸ்துவின் சரீரத்தைப் பட்டாடையால் கனப்படுத்திவிட்டு, வெளியே குளிரில் துணியில்லாமல் நிற்கும் அதே கிறிஸ்துவைக் கடந்துபோகாதீர்கள் என்கிறார். எங்கள் சபை வாசலிலிருந்து பார்த்தால் ரயில் நிலையத்துப் பக்கம் படுத்திருப்பவர்கள் தெரிவார்கள். அந்தப் பிரசங்கத்தை வகுப்பில் வாசித்த மாலையில் வெகுநேரம் யாரும் எதுவும் பேசவில்லை.

பிறகு கான்ஸ்டாண்டிநோபிளின் பேராயர் ஆனார். அரண்மனையின் ஆடம்பரத்தைக் கண்டித்ததால் பேரரசி யூதோக்சியாவின் பகை வந்தது. நாடுகடத்தப்பட்டு, 407-இல் போகிற வழியிலேயே உயிர்விட்டார்.

செந்தமிழில் பிரசங்கிக்க வேண்டுமா, பேச்சுத் தமிழிலா?

கேட்டவர் ஒரு தமிழாசிரியை. பதில் சொல்ல அகுஸ்தீனைத்தான் கூப்பிட வேண்டும். அவருடைய தொழிலே பேச்சுக்கலை கற்பிப்பது. 354-இல் இன்றைய அல்ஜீரியாவில் பிறந்து, மிலான் வரை போய் அந்தப் பாடத்துக்கே ஆசிரியரானவர். அங்கே ஆயர் அம்புரோசியாரின் பிரசங்கத்தைக் கேட்கப் போனதும் முதலில் மொழிநடைக்காகத்தான். நடையை ரசிக்கப் போனவருக்குள் பொருள் இறங்கிவிட்டது. 386-இல் ஒரு தோட்டத்தில் அழுதுகொண்டிருந்தபோது 'எடுத்து வாசி' என்று ஒரு பிள்ளையின் குரல் கேட்டதும், ரோமர் 13-ஆம் அதிகாரத்தைத் திறந்ததும், அடுத்த ஆண்டு ஞானஸ்நானம் பெற்றதும் பலருக்குத் தெரிந்த கதை.

பலருக்குத் தெரியாதது, ஆயரான பின் அவர் எப்படிப் பேசினார் என்பது. ஹிப்போ ஒரு துறைமுக ஊர். சுற்று வட்டாரத்தில் பியூனிக் என்ற உள்ளூர் மொழி பேசுகிறவர்களும் இருந்தார்கள். அவர்கள் முன் அவர் லத்தீன் இலக்கண நயத்தை வேண்டுமென்றே கழற்றி வைத்தார். மக்களுக்குப் புரியாமல் போவதைவிட இலக்கணப் பண்டிதர்கள் நம்மைக் குறை சொல்வதே மேல் என்று சங்கீத விளக்கம் ஒன்றில் வெளிப்படையாகவே சொல்கிறார். அதே மனிதர் எழுத உட்கார்ந்தால் நடை வேறு.

என் கருத்து இதுதான்: ஜெபத்துக்கும் வேதவாசிப்புக்கும் நம் பழைய தமிழ் அழகு. விளக்கம் மட்டும், தமிழ்ப்பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கும் எட்ட வேண்டும்.

நாங்கள் புரொட்டஸ்டண்ட். கத்தோலிக்கப் புனிதர்களை ஏன் படிக்க வேண்டும்?

லூத்தரின் சீர்திருத்தம் தொடங்கிய 1517-க்கு முன் மேற்கே இருந்தது ஒரே வீடு. லூத்தரே அகுஸ்தீன் சபைத் துறவிதான். புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் இன்று இருக்கிறபடியே பட்டியலிட்டு 367-இல் கடிதம் எழுதியவர் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு. கிறிஸ்து மெய்யான தேவன் என்ற ஒரே பிடியில் நின்றதற்காக ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். அவர் நமக்கும் தாத்தா, அவர்களுக்கும் தாத்தா.

தாமஸ் அக்குவினாஸைப் பற்றி ஒரு செய்தி மட்டும் சொல்கிறேன். மாபெரும் இறையியல் தொகுப்பை எழுதிக்கொண்டே வந்தவர் 1273 டிசம்பரில் ஒரு நாள் திருப்பலிக்குப் பின் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார். தான் கண்டதற்கு முன்னால் எழுதியதெல்லாம் வைக்கோல் போலத் தோன்றுகிறது என்றார். நூல் முடியாமலேயே நின்றது. மூன்று மாதத்தில் இறந்துபோனார்.

லூத்தர், கால்வின் இருவரையும் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

லூத்தருக்கு இருந்த பயம் அரசனைப் பற்றியது அல்ல, தேவனைப் பற்றியது. எத்தனை பாவசங்கீர்த்தனம் செய்தும் மனம் அடங்காதவருக்கு, 'விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்' என்ற ரோமர் 1:17 வாசலாகத் திறந்தது. 1517-இல் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனைக்கு எதிராக 95 கூற்றுகள், 1521-இல் பேரரசரின் வோர்ம்ஸ் மன்றத்தில் பின்வாங்க மறுப்பு, 1522-இல் ஜெர்மானிய மொழியில் புதிய ஏற்பாடு. இந்தக் கடைசி வேலைதான் நம்மைத் தொடுகிறது, கீழே வரும். கால்வின் அவருக்கு அடுத்த தலைமுறை. ஜெனீவாவில் அகதிகள் நிறைந்த சபைக்கு வேதத்தை வசனம் வசனமாக விளக்கினார். நூலைத் தொடர்ச்சியாக எடுத்துப் பிரசங்கிக்கும் போதகரைப் பார்த்தால் அந்த வழி என்று தெரிந்துகொள்ளலாம்.

மெதடிஸ்டுகளுக்கும் தோட்டங்களுக்கும் ஏன் அவ்வளவு நெருக்கம்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் சிலாங்கூர் ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்த அண்ணன். சிறுவயதில் லயத்து வீட்டு வாசலில் பெட்ரோமாக்ஸ் விளக்கு வைத்து நடந்த கூட்டங்களை அவர் பார்த்திருக்கிறார்.

1739-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பக்கத்தில் கிங்ஸ்வுட் என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் இருந்தார்கள். கோவில் அவர்களைத் தேடிப் போகவில்லை. ஆங்கிலிக்கன் குரு ஜார்ஜ் விட்பீல்ட் வெட்டவெளியில் நின்று பேசினார். கரி படிந்த கன்னங்களில் கண்ணீர் வெள்ளைக் கோடு போட்டு இறங்கியதை அவரே எழுதியிருக்கிறார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கு முதலில் இது பிடிக்கவில்லை. ஆத்துமா இரட்சிக்கப்படுவதென்றாலும் கோவிலுக்குள் நடக்க வேண்டும் என்று நினைத்த ஒழுங்குக்காரர் அவர். இருந்தும் அந்த ஏப்ரலில் அவரும் வெளியில் இறங்கினார். பிறகு ஐம்பது ஆண்டுகள் குதிரை மேலேயே வாழ்க்கை.

அதற்கு முந்தைய ஆண்டு மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்துக்கு அரை மனதோடு போனார். அங்கே ஒருவர் ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார். இரவு ஒன்பதுக்குக் கால் மணி இருக்கையில் தன் இருதயம் இதமாக அனல்கொண்டதாக வெஸ்லி குறித்து வைத்திருக்கிறார். விட்டன்பர்க் பேராசிரியர் எழுதியது இருநூறு ஆண்டு கழித்து ஒரு ஆங்கிலேயக் குருவின் மேல் விழுகிறது. அந்த மனிதரின் வழிவந்த மிஷனரிமார் 1885-இல் சிங்கப்பூரில் இறங்குகிறார்கள். அங்கிருந்து தீபகற்பம் முழுவதும். தோட்டத்துக்குப் போன பிரசங்கியார் அறியாமலே கிங்ஸ்வுட் வழியில்தான் நடந்தார்.

இவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்கள்தானே? தமிழனுக்கு இதில் என்ன இருக்கிறது?

கொஞ்சம் சூட்டோடு ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். சூடு நியாயமானது, அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில், அகுஸ்தீன் ஆப்பிரிக்கர், அத்தனாசியு எகிப்தியர், கிறிசோஸ்தம் சிரியா நாட்டுக்காரர். ஐரோப்பா இந்தக் கதைக்குள் பிறகுதான் பெரிதாக வருகிறது.

அடுத்து, தமிழ். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடம் செய்து, கையில் மணியடித்துத் தெருத் தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவருக்குப் பின் வந்த ஆன்றிக்கே ஆன்றிக்கஸ், நம்மவர்கள் அண்டிரிக் அடிகளார் என்பார்கள், தமிழைத் தீவிரமாகக் கற்று 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் அது.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு இறங்கினார். வயது சுமார் 24. மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். டேனிஷ் ஆளுநர் அவரை நான்கு மாதம் சிறையில் வைத்தார். லூத்தர் தன் மக்களுக்குச் செய்ததை இவர் நம் மக்களுக்குச் செய்தார்: 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றியும் கவனமாகக் கேட்டறிந்து ஒரு பெரிய நூல் எழுதி, ஜெர்மனியில் மிஷனுக்குத் துணைநின்ற ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். அங்கிருந்த தலைவர்கள் அதை அச்சிட விரும்பவில்லை. 1867-இல்தான் அது வெளிவந்தது. 36 வயதில் இறந்த மனிதர். தான் யாரிடம் பேசுகிறோம் என்று இவ்வளவு அக்கறையாகக் கேட்ட வேறொருவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

1733-இல் ஆரோன் என்ற தமிழர் போதகராக அபிஷேகம் பெற்றார். புரொட்டஸ்டண்ட் சபையில் முதல் இந்தியப் போதகர். பிறகு ஜெர்மானிய மிஷனரி பப்ரிசியஸ். லுத்தரன் சபையில் ஞானப்பாட்டுப் பாடி வளர்ந்தவர்கள் அவர் பெயரை அறியாவிட்டாலும் அவர் வரிகளை அறிவார்கள். ஜெர்மானியப் பாடல்களைத் தமிழாக்கினார், வேதாகமத்தை முழுதும் திருத்திப் பெயர்த்தார், அகராதி தொகுத்தார். கடைசிக் காலத்தில் பணப் பொறுப்பில் சிக்கிக் கடனுக்காகச் சிறையிலும் இருந்தார். 1871-இல் வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு அவருடைய உழைப்பின் மேல் எழுந்தது. அந்த வரிசையில் வந்த வேதாகமம்தான் பாட்டி கையில் இருக்கும் கறுப்பு அட்டைப் புத்தகம். மலேசியாவின் சுவிசேஷ லுத்தரன் சபையின் வேரும் தரங்கம்பாடியின் வழிவந்த தமிழ் லுத்தரன் திருச்சபையில்தான் இருக்கிறது.

பிறகு வந்தவர்கள் தமிழர்களே. எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளை ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையை 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியமாக்கினார். வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்று மிஷனரித் தலைவர்களின் முகத்துக்கு நேரே கேட்டார். இரண்டு ஆண்டில் அவரே ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். ஏ. ஜே. அப்பாசாமி பக்தி மார்க்கத்தின் மொழியில் யோவான் நற்செய்தியை விளக்கினார்.

இவர்களில் யாராவது நம் நாட்டுக்கு வந்ததுண்டா?

சவேரியார் 1545-இல் மலாக்கா வந்தார், பிறகும் பல முறை. 1552-இல் சீனக் கரையோரத் தீவில் இறந்ததும் உடல் சில மாதங்கள் மலாக்காவின் செயின்ட் பால் குன்றில் இருந்துதான் கோவா போயிற்று. சாது சுந்தர் சிங் தம் கிழக்குப் பயணத்தில் மலாயா வந்தார். 1930-களில் சீனப் பிரசங்கியார் ஜான் சங் இங்கே எழுப்புதல் கூட்டங்கள் நடத்தினார். அவர் அமெரிக்காவில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர்.

எனக்கு மிக நெருக்கமானவர் டி. டி. நைல்ஸ். யாழ்ப்பாணத்து மெதடிஸ்ட். 1948-இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் தொடங்கியபோது தொடக்கப் பிரசங்கம் அவருடையது. கிழக்காசியக் கிறிஸ்தவ மாநாடு 1959-இல் முறையாகத் தொடங்கியது நம் கோலாலம்பூரில். அதன் பொதுச் செயலாளர் அவர். சுவிசேஷம் சொல்வது என்றால், ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனுக்குச் சோறு கிடைக்கும் இடத்தைக் காட்டுவது என்றார். இந்த ஊரில் யாழ்ப்பாணத் தமிழர் இத்தனை பேர் இருந்தும் அவர் பெயரை அறிந்தவர்கள் குறைந்துகொண்டே வருவது எனக்கு வருத்தம்.

பினாங்கு போனால், 1808-இல் அங்கே இடம்பெயர்ந்த குருத்துவக் கல்லூரி, கோலேஜ் ஜெனரல், இன்னும் நடக்கிறது. 1665-இல் சயாமில் தொடங்கியது. அங்கே கற்பித்த சாஸ்தான் அடிகளார் 1839-இல் கொரியாவில் இரத்தசாட்சியானார்.

பெண்கள் யாரும் இல்லையா?

இருக்கிறார்கள், பீடம் கிடைக்கவில்லை. சியன்னா கத்தரீனையும் அவிலா தெரேசாவையும் கத்தோலிக்கத் திருச்சபை மறைவல்லுநர்களாக, அதாவது திருச்சபையின் ஆசிரியர்களாக, அறிவிக்க 1970 வரை ஆயிற்று. வெஸ்லியின் தாய் சுசன்னா, கணவர் லண்டன் போயிருந்த குளிர்காலத்தில் ஞாயிறு மாலை வீட்டில் பிள்ளைகளுக்குப் பிரசங்கங்களை வாசித்துக் காட்டினார். அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கி இருநூறு பேர் ஆனார்கள். கணவர் கடிதத்தில் ஆட்சேபித்தார். நிறுத்தச் சொன்னால் தெளிவாகக் கட்டளையிடுங்கள், நியாயத்தீர்ப்பு நாளில் பதில் நீங்கள் சொல்லுங்கள் என்ற பொருளில் பதில் எழுதினார். ஜான் அப்போது எட்டு வயதுப் பையன். மராத்தியில் வேதாகமத்தைப் பெயர்த்த பண்டித ரமாபாயையும் இங்கே சேர்க்க வேண்டும்.

பெரியவர்களின் தவறுகளை ஏன் வெளியே சொல்கிறீர்கள்?

ஒரு மூப்பர் மனம் நொந்து கேட்டார். அவர்களை நேசிப்பதால்தான் சொல்கிறேன். லூத்தர் 1543-இல் யூதருக்கு எதிராக எழுதியது கொடிய நூல்; பிற்காலத்தில் நாஜிகள் அதைத் தூக்கிப் பிடித்தார்கள். கிறிசோஸ்தமும் அந்தியோகியாவில் யூதர் வழக்கங்களுக்கு எதிராகப் பேசியபோது வாய் எல்லை மீறியது. 1553-இல் ஜெனீவாவில் திரித்துவத்தை மறுத்த செர்வெட்டஸ் எரிக்கப்பட்டதில் கால்வினுக்குப் பங்கு உண்டு. கிங்ஸ்வுட்டில் அழுத விட்பீல்ட், ஜார்ஜியாவில் அடிமை முறை வேண்டும் என்று வாதாடினார்.

நம் வீட்டையும் பார்க்க வேண்டும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்கள் இல்லாமல் தமிழ்க் கிறிஸ்தவ வழிபாடு இல்லை. அவரே சபைக்குள் சாதி வழக்கத்தை விடச் சொன்ன மிஷனரிகளை எதிர்த்து எழுதினார். இங்கே நம் சபைகளில் பெண் பார்க்கும் பேச்சு வரும்போது காதில் விழும் கேள்விகள் நமக்குத் தெரியும். அவர் பாட்டை நான் தொடர்ந்து பாடுவேன். அந்த எழுத்துக்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.

வாட்ஸ்அப்பில் வரும் மேற்கோள்களை நம்பலாமா?

மிகவும் பரவியவைதான் பெரும்பாலும் பொய். 'நாளை உலகம் முடிந்தாலும் இன்று ஆப்பிள் மரம் நடுவேன்' என்பது லூத்தரின் எழுத்துகளில் இல்லை. அது வெளிப்படுவதே 20-ஆம் நூற்றாண்டில். 'தேவையானால் மட்டும் வார்த்தைகளைப் பயன்படுத்து' என்று அசிசி பிரான்சிஸ் சொன்னதாக எந்தப் பழைய ஏட்டிலும் இல்லை. 'உன்னால் முடிந்த நன்மையெல்லாம் செய்' என்ற வரிசையும் வெஸ்லியின் நூல்களில் அந்த வடிவில் கிடையாது. எந்த நூல், எந்தப் பிரசங்கம் என்று குறிப்பு இல்லாமல் வந்தால் அனுப்பியவரிடமே கேளுங்கள்.

ஸ்பர்ஜன் வேதாகமக் கல்லூரிக்குப் போகவில்லை. பிறகு படிப்பு எதற்கு?

லண்டனின் புகழ்பெற்ற பாப்டிஸ்ட் பிரசங்கியார் ஸ்பர்ஜனை வைத்து வாலிபர் கூட்டத்தில் அடிக்கடி வரும் வாதம். 1850 ஜனவரியில் பனிப்புயலுக்கு ஒதுங்கிய சிறு ஆலயத்தில், அதிகம் படிக்காத ஒருவர் ஏசாயா 45:22-ஐ எடுத்து 'நோக்கிப் பார்' என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது பதினைந்து வயது ஸ்பர்ஜன் மனம் திரும்பினார். உண்மைதான். ஆனால் அவர் சேர்த்து வைத்திருந்த நூல்கள் சுமார் 12,000. இருபத்திரண்டு வயதில் போதகர்களுக்காக ஒரு கல்லூரியையே தொடங்கினார். தனக்குக் கிடைக்காதது மற்றவருக்குக் கிடைக்க வேண்டும் என்று நினைத்தவரைப் படிக்காமல் இருப்பதற்குச் சாக்காக்கக் கூடாது.

ஒரே ஆளுக்கு ஏன் இத்தனை பெயர்கள்?

பழைய கத்தோலிக்கத் தமிழ் பெயர்களையும் மொழிபெயர்த்தது. யோவான் அங்கே அருளப்பர், பேதுரு இராயப்பர், பவுல் சின்னப்பர். புரொட்டஸ்டண்ட் தமிழ் வேதாகமம் எபிரேய, கிரேக்க ஒலியைப் பிடித்துக்கொண்டது. ஆங்கிலத்திலிருந்து வந்த ஜான், அகஸ்டின் மூன்றாவது அடுக்கு. தேடும்போது மூன்று வடிவங்களிலும் தேடிப் பாருங்கள்.

சென்ற மாதம் இதை விளக்கியபோது அந்தக் கல்லூரி மாணவர் தம் தாத்தாவின் பெயர் இராயப்பன் என்றார். பேதுரு என்று அன்றுதான் அவருக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சவரிமுத்து அண்ணன், தம் பெயருக்குள் இருப்பவர் மணியடித்துக்கொண்டு நடந்த அந்தச் சவேரியார் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.